தோப்பு இருந்த இடம் மேடல்ல: டெல்டா பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கும், இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். டெல்டாவில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் படித்தவள். பகலில் வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்கு நிரல் எழுதுகிறேன். இரவில் நேரம் கிடைக்கும்போதெல்லாம், கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்க உதவும் ஃப்ளைட்கியர் என்ற திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) சிமுலேட்டருக்கு என்னால் ஆனதைச் செய்கிறேன்.

என் அக்கா மகள் இந்த ஆண்டு இறுதியாண்டு. அவளும் இரண்டு தோழிகளும், ப்ராஜெக்ட் தலைப்பை ஏற்பதா என்று பார்க்கும் ஜீரோத் ரிவ்யூவுக்கு அந்த சிமுலேட்டரில் புதிதாக ஒரு வசதியை உருவாக்கும் தலைப்பைக் கொண்டுபோனார்கள். மூன்று நிமிடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "இது கேம்மா. பேஸ் பேப்பர் எங்க? அவுட்புட்டுன்னு என்னத்தக் காட்டுவீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். பேஸ் பேப்பர் என்பது ப்ராஜெக்டுக்கு அடிப்படையாகக் காட்டும் ஆய்வுக் கட்டுரை. அன்றைக்கு ஏற்கப்பட்ட தலைப்புகளில் சில, ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி, நிரல், ரிப்போர்ட், பிபிடி எல்லாம் சேர்த்து வாங்கி வரப்போகிறவை. இது அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். கல்லூரியின் பெயரை நான் எழுதவில்லை. நான் படித்த காலத்திலும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள், பக்கத்துக் கல்லூரிகளில் படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். திறமூல விமான சிமுலேட்டருக்கு ஒரு வசதியை எழுதிச் சேர்ப்பதை இறுதியாண்டு ப்ராஜெக்டாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

கேம் என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ஃப்ளைட்கியரில் மதிப்பெண் கிடையாது, எதிரி கிடையாது, ஜெயிப்பது என்று ஒன்று கிடையாது. 1996 ஏப்ரலில் டேவிட் மர் என்பவர் முன்வைத்த யோசனையில் தொடங்கியது. விலைக்கு விற்ற சிமுலேட்டர்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாதிருந்த காலம் அது. அடுத்த ஆண்டே முதல் பதிப்பு வந்தது. கர்டிஸ் ஓல்சன் பல ஆண்டுகள் முன்நின்று அதைக் கட்டிக்காத்தார். ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால் ஒவ்வொரு வரியையும் யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம்.

விமானம் எப்படிப் பறக்க வேண்டும் என்று கணக்கிடும் பகுதிக்கு ஜேஎஸ்பிசிம் என்று பெயர். இறக்கையின் பரப்பு, எடை, காற்றைச் சந்திக்கும் கோணத்துக்கு ஏற்ப ஏற்றுவிசை எவ்வளவு என்ற அட்டவணை எல்லாம் எக்ஸ்எம்எல் என்ற எழுத்து வடிவக் கோப்பு ஒன்றில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கின்றன. அவற்றிலிருந்து விசைகளைக் கூட்டி, இயல்பான அமைப்பில் ஒரு விநாடிக்கு 120 முறை விமானத்தின் நிலையைப் புதுப்பிக்கிறது. மெக்கானிக்கல் துறை மாணவர் இறக்கைப் பரப்பைப் பத்து சதவீதம் குறைத்துவிட்டு, ஓடுதளத்தில் விமானம் எவ்வளவு தூரம் கூடுதலாக ஓடிய பிறகு எழும்புகிறது என்று அதே நிமிடம் பார்க்கலாம். நாசா 2015இல் பல சிமுலேஷன் கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்த்தபோது அதில் ஜேஎஸ்பிசிம்மும் இடம்பெற்றது. நம் வயல்களில் இன்று மருந்து தெளிக்கும் ட்ரோன்களைப் பார்க்கிறீர்கள். ட்ரோன்களை இயக்கும் திறமூல மென்பொருள்களில் முக்கியமானது ஆர்டுபைலட். பறக்கவிடும் முன் அதைக் கணினியிலேயே சோதிப்பதற்கு ஜேஎஸ்பிசிம்மையும் ஃப்ளைட்கியரையும் அதோடு இணைக்க வழி இருக்கிறது.

இனி அக்கா மகள் செய்ய நினைத்த வேலைக்கு வருகிறேன். மடலே அதற்காகத்தான்.

சிமுலேட்டரில் கீழே தெரியும் நிலத்துக்கு உயரம் வேண்டும். உலகின் பெரும்பகுதிக்கு அந்த உயரம் 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாட்கள் ரேடார் வைத்து அளந்ததிலிருந்து வருகிறது. அந்தத் தரவு ஒரு பாகை அகலம், ஒரு பாகை நீளம் கொண்ட சதுரங்களாக, சதுரத்துக்கு ஒரு கோப்பாகக் கிடைக்கிறது. அதில் என்10ஈ079 என்று ஒரு கோப்பு. பத்தாவது அட்சத்துக்கு வடக்கே, எழுபத்தொன்பதாவது தீர்க்கத்துக்குக் கிழக்கே என்று பொருள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினம், பட்டுக்கோட்டை, வேதாரண்யம் எல்லாம் அந்த ஒரே கோப்புக்குள் இருக்கின்றன. மயிலாடுதுறை மட்டும் வடக்கே அடுத்த சதுரத்துக்குப் போய்விடுகிறது, திருச்சி மேற்கே. கோப்பின் அளவு 28,84,802 பைட். கைபேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தின் அளவுக்குள் டெல்டாவின் மேடுபள்ளம் அடங்கியிருக்கிறது என்பதை முதன்முதலில் உணர்ந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உள்ளே 1201 வரிசை, 1201 நெடுவரிசை. ஒவ்வொரு எண்ணும் ஒரு புள்ளியின் உயரம், முழு மீட்டரில். ஓரத்து வரிசை பக்கத்துச் சதுரத்துக்கும் பொதுவானது, அதனால்தான் 1200க்கு மேல் ஒன்று கூடுதல். இரண்டு புள்ளிகளுக்கு இடையே சுமார் 90 மீட்டர். நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்துக்கு ஒரு எண்.

அவள் அந்தக் கோப்பைப் படிக்க பைத்தான் என்ற நிரல் மொழியில் இருபது வரி எழுதினாள். ஓட்டிப் பார்த்தவுடன், "சித்தி, நம்மூரு இமயமலையா போச்சு!" என்று கத்தினாள். 20 என்று வரவேண்டிய இடத்தில் 5120 வந்திருந்தது. நான் விடையைச் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் அவளே தேடினாள். கோப்பில் ஒவ்வொரு எண்ணும் இரண்டு பைட். பெரிய பைட் முதலில் வரும், சிறியது பிறகு. அவள் நிரல் சிறியதை முதலில் எடுத்துக்கொண்டது. 0, 20 என்று இருந்ததை 20, 0 என்று படித்தால் 20 பெருக்கல் 256, அதாவது 5120. இந்தப் பைட் வரிசையைக் குறிக்கும் எண்டியன் என்ற சொல்லை இரண்டாம் ஆண்டில் இரண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்திருந்தாள். அன்றைக்குத்தான் அது அவளுக்குப் புரிந்தது.

சரியாகப் படித்த பிறகு எங்கள் ஊரைத் தேடினாள். பட்டுக்கோட்டை வடக்கிலிருந்து சுமார் 690ஆவது வரிசை, மேற்கிலிருந்து சுமார் 380ஆவது நெடுவரிசை. அங்கிருந்து தெற்கே நகர்ந்து எங்கள் வாய்க்கால், எங்கள் தோப்பு, அதற்குக் கீழே உள்ள வயல் மூன்றையும் கண்டுபிடித்தாள். வாய்க்கால் கரையில் 13, 14. தோப்பில் 18, 19, 20. வயலில் 12. அப்படியானால் தோப்பு ஒரு மேடு.

என் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய்ச் சொன்னாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்து, "ஏது மேடு? புதாத்துத் தண்ணி வாய்க்கால்லேர்ந்து தோப்பத் தாண்டித்தானே கீழ வயலுக்குப் பாயும். மேடா இருந்தா தண்ணி ஏறுமா?" என்று கேட்டார்.

கல்லணைக் கால்வாயை இங்கே புதாறு என்றுதான் சொல்கிறோம். 1934இல் வந்த ஆறு, அதனால் அந்தப் பெயர். அந்தத் தண்ணீர் ஓடும் திசையை வைத்தே ஒரு அடி உயர வித்தியாசத்தையும் சொல்லக்கூடியவர் என் அப்பா. ரேடார் சொன்னதும் தப்பில்லை. அது மண்ணை மட்டும் பார்க்கவில்லை, மண்ணின் மேல் நின்ற தென்னையையும் பார்த்தது. அடர்ந்த தோப்பில் ரேடார் அலை முழுவதும் தரைக்குப் போய்ச் சேராமல் மட்டைகளுக்கு நடுவிலேயே திரும்பிவிடுகிறது. அதனால் தோப்பு இருந்த இடமெல்லாம் தரவில் மேடாகிவிட்டது.

அந்தத் தோப்பு இப்போது இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. அன்றைக்குப் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னை எப்படி விழுந்து கிடந்தது என்று உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். எங்கள் தோப்பில் விழாமல் நின்றது பதினோரு மரம்தான். விழுந்தவை இருபத்தைந்து வருடம் அப்பா தண்ணீர் பாய்ச்சிய மரங்கள். அவை அந்தக் கோப்பில் மட்டும் இன்னும் நிற்கின்றன, 18, 19, 20 என்ற எண்களாக. அவள் அதைத் தாத்தாவிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அவள் கொண்டுவந்த ப்ராஜெக்ட் தலைப்பு அங்கேதான் பிறந்தது. சிமுலேட்டர் நிலத்தை வரையும்போது தோப்பு என்று குறிக்கப்பட்ட இடங்களில் தானாகவே மரங்களை நடுகிறது. உயரத் தரவில் மரம் ஏற்கெனவே மேடாக இருக்கிறது. அந்த மேட்டின் மேல் மறுபடி மரம் நடப்படுகிறது. ஆக, ஒரே தென்னை இரண்டு முறை எண்ணப்படுகிறது. தட்டையான டெல்டாவில் இது இமயமலைப் பக்கம் போல மறைந்துவிடாது. கடலோரத்திலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வந்தாலும் சில மீட்டர்தான் ஏறும் ஊரில், ஐந்து மீட்டர் பிழை என்பது நிலத்தின் வடிவத்தையே மாற்றிவிடும். மருந்து தெளிக்கும் ட்ரோன் பயிருக்கு மேலே இரண்டு மூன்று மீட்டரில் பறக்கிறது. இந்தத் தரவை வைத்து அதைக் கணினியில் சோதித்தால் இல்லாத மேட்டில் மோதும், அல்லது இல்லாத மேட்டுக்காக உயரத்தைக் கூட்டிக்கொண்டு மருந்தைக் காற்றில் விடும்.

அவர்கள் செய்ய நினைத்தது இது. யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் தோப்புகளின் எல்லையைக் குறிப்பது. எல்லைக்கு வெளியே உள்ள உயரத்தையும் உள்ளே உள்ள உயரத்தையும் ஒப்பிடுவது. வித்தியாசம் மரத்தால் வந்தது என்று தெரிந்தால் உள்ளே உள்ள உயரத்தைத் தரைக்கு இறக்குவது. டெராகியர் என்ற கருவி நிலத்தை முக்கோணங்களாகக் கட்டும் முன் இதை ஒரு படியாகச் சேர்ப்பது. ஒரு தோப்பை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்பதையும் அவளே சொன்னாள். இந்தத் தரவுக்கு விதித்திருந்த இலக்கே பத்தில் ஒன்பது பங்கு இடங்களில் 16 மீட்டருக்குள் பிழை என்பதுதான். ஒரு எண்ணை நம்பக் கூடாது. பல நூறு தோப்புகளைச் சேர்த்துப் பார்த்து, சராசரி எடுத்து, சந்தேகமான இடத்தைத் தொடாமல் விட வேண்டும். மூன்று நிமிடத்தில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் இவ்வளவும் யோசித்து வைத்திருந்தார்கள்.

ஐயா, அம்மா, இதைவிட நல்ல புள்ளியியல் பாடத்தை எந்த பேஸ் பேப்பர் தரும்?

இது ஒரு வேலைதான். இந்த மண்ணில் இன்னும் எத்தனையோ காத்திருக்கின்றன. சிமுலேட்டரில் பருவம் என்றால் பெரும்பாலும் கோடை, குளிர்காலம்தான். குளிர்காலம் என்றால் பனி. நமக்கு அதில் என்ன இருக்கிறது? ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை, பிறகு சம்பா, குறுவை அறுத்த வயலில் தாளடி, அதற்குப் பிறகு ஈரம் காயும் முன் தெளித்த உளுந்தும் பயறும். ஐப்பசியில் மேலிருந்து பார்த்தால் வயலெல்லாம் வானத்தைக் காட்டும். தை பிறக்கும்போது அதே வயல் பொன்னிறம். பங்குனியில் வெடித்த மண்ணும் பச்சைத் திட்டுகளும். நிலத்தின் தோற்றத்தை ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனியாக வரையறுக்கும் ஏற்பாடு ஃப்ளைட்கியரில் ஏற்கெனவே இருக்கிறது. மாதத்துக்கு ஏற்ப நம் வயல் மாறும்படி அதை எழுத ஒரு குழு வேண்டும். வேளாண் பொறியியல் மாணவர் ஒருவர், கணினி மாணவர் ஒருவர், சாயங்காலத்தில் மொட்டைமாடியிலிருந்து நல்ல படம் எடுக்கத் தெரிந்த ஒருவர் போதும்.

சிவில் துறையினர் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தையும் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானக் கோபுரத்தையும் அளவு பிசகாமல் மாதிரியாக்கலாம். திருச்சியின் 27ஆம் ஓடுதளத்தில் இறங்க வரும் விமானி கிழக்கிலிருந்து, அதாவது டெல்டாவின் மேலிருந்து வருகிறார். அவர் கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை நம் ஊர்ப் பிள்ளைகளைவிட யார் சரியாகச் சொல்லிவிட முடியும்? தஞ்சை விமானப்படைத் தளத்துக்கு 2020 ஜனவரியில் சுகோய்-30 அணி வந்த பிறகு, சத்தம் கேட்டதும் வகுப்பிலிருந்து ஓடி வந்து வானத்தைப் பார்க்காத பள்ளிப் பிள்ளை இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்துதான் உங்கள் கல்லூரிக்கு வருகிறார்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்பது நியாயமான கேள்வி. வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னல் வந்து அமரும்போது எதைக் காட்டுவது என்ற கவலை உங்களுக்கு இருக்கும். அதற்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். நான் முதலில் அனுப்பிய பேட்ச், அதாவது நிரலுக்கான திருத்தம், மிகச் சிறியது. ஒரு சிறிய விமானத்தில் எரிபொருள் காட்டும் முள் தவறாக நின்றது, அதைத் திருத்தினேன். மறுநாள் முகம் தெரியாத ஒருவர் எழுதினார். நீங்கள் எரிபொருளைக் காலன் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், அந்த விமானத்தின் முள் பவுண்டில் குறிக்கப்பட்டது, எதற்காக இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். கோபமும் இல்லை, பாராட்டும் இல்லை, கேள்வி மட்டும். நான் திருத்தினேன். அவர் இன்னொன்று கேட்டார். மறுபடி திருத்தினேன். மூன்றாவது முறை ஏற்கப்பட்டது. அந்த உரையாடல் முழுவதும் தேதியோடு, நேரத்தோடு பதிவாகியிருக்கிறது. யார் எந்த வரியை எழுதினார், எங்கே தவறினார், சுட்டிக்காட்டியபோது எப்படி எடுத்துக்கொண்டார், எல்லாம் அதில் இருக்கும். விலைக்கு வாங்கிய ப்ராஜெக்டில் இப்படி ஒரு தடம் இருக்கவே முடியாது. எக்ஸ்டர்னல் முன்னால் அதைத் திறந்து வைத்து, "இந்த வரியை ஏன் மாற்றினாய்?" என்று கேட்டால் போதும், எழுதியவர் யார் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மெர்ஜ் ஆனால்தான், அதாவது அந்தத் திருத்தம் மூல நிரலில் சேர்க்கப்பட்டால்தான் மதிப்பெண் என்று வைத்துவிடாதீர்கள். அங்கே இருப்பவர்கள் சம்பளம் இல்லாமல், வேலை முடிந்து வந்து பார்க்கிறவர்கள். உங்கள் செமஸ்டர் அட்டவணை அவர்களுக்குத் தெரியாது. ஏப்ரல் மாதம் ஐம்பது மாணவர்கள் ஒரே வாரத்தில் அரைகுறை பேட்ச்களைக் கொண்டுபோய்க் கொட்டினால் அவர்களுக்கு அது பெரிய தொல்லை, நம் கல்லூரிகளின் பெயரும் கெடும். ஆகஸ்டிலேயே தொடங்கச் சொல்லுங்கள். முதல் மாதம் நிரலைத் தங்கள் கணினியில் கட்டி ஓட்டவைப்பதிலேயே போய்விடும், போகட்டும். பிறகு ஒரு சிறிய பிழையைத் திருத்தி, அந்தக் கூட்டத்தின் பழக்கவழக்கம் தெரிந்துகொள்ளட்டும். எழுதும் முன், இப்படிச் செய்யலாமா என்று அங்கே கேட்கட்டும். பெரிய வசதிக்கு அதன் பிறகு போகலாம். நிராகரிக்கப்பட்டாலும், ஏன் நிராகரித்தார்கள் என்று அவர்கள் எழுதும் நான்கு வரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரு அத்தியாயத்துக்குச் சமம்.

லேபில் ஒரு கணினியில் எல்லாவற்றையும் ஒருமுறை இறக்கி வைத்துவிடுங்கள். தரவு பல ஜிபி. விடுதியில் இருக்கும் பிள்ளைகள் கைபேசி டேட்டாவில் அதை இறக்க முடியாது. அந்தக் கணினியை மாலை ஐந்து மணிக்குப் பிறகும் பயன்படுத்த விடுங்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகளை.

2020இல் இந்தப் பகுதி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டமானபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த மகிழ்ச்சியில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் உங்களிடம் படித்து முடித்தவர்களில் பெரும்பாலோர் இரவு பேருந்தில் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். நிலத்தைக் கெடுக்காமல், ஊரை விடாமல் செய்யக்கூடிய வேலை என்று ஒன்று இருக்கிறது என்பதற்கு நான் சாட்சி. இன்றைய வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் என் மதிப்பெண் பட்டியலைக் கேட்பதற்கு முன்பே, அந்த எரிபொருள் முள் பற்றிய உரையாடலைப் படித்திருந்தார்கள்.

அக்கா மகளும் தோழிகளும் அந்தத் தலைப்பை மாற்றவில்லை. அடுத்த வாரம் மறுபடி ரிவ்யூவுக்குக் கொண்டுவருகிறார்கள். இந்த முறை பிபிடி இல்லாமல் கோப்பையே கொண்டுவருவார்கள். அது உங்கள் மேசையாகவும் இருக்கலாம். தயவுசெய்து பத்து நிமிடம் கொடுங்கள். உங்கள் சொந்த ஊரின் பெயரைச் சொல்லி, அது எத்தனையாவது வரிசை, எத்தனையாவது நெடுவரிசை என்று அவளிடம் கேளுங்கள். அங்கே 2000 பிப்ரவரியில் என்ன நின்றது என்பதை அவள் கண்டுபிடித்துக் காட்டுவாள்.

அன்புடன்,
பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து உங்கள் பழைய மாணவி